இரண்டு கட்டிலுக்கு ஒரே காய்ச்சல்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து வந்து போன காய்ச்சலின் கதையைச் சொல்கிறேன்.

மருத்துவமனையில் இரண்டு கட்டில் போட்ட குழந்தைகள் அறை. கட்டிலுக்கு ஒரு பிள்ளை, ஒரு சின்னக் கணினி. அது பிள்ளையின் உடம்புச் சூட்டை அளந்து, தன் பெயரோடு செவிலியின் மேசைக்கு அனுப்பும். இரவு முழுக்கச் சூடு ஏறவில்லை என்று பதிவு சொன்னால்தான் ஜன்னலோரப் பிள்ளையை டாக்டர் வீட்டுக்கு விடுவார். அம்மாக்காரி பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

காலையில் பதிவைத் திறந்த செவிலிக்குத் தலை கிறுகிறுத்தது. நூற்று மூன்று. அடுத்த நிமிடம் தொண்ணூற்றெட்டு. மறுபடி நூற்று மூன்று. கட்டிலுக்கு ஒன்றாக இரண்டு வரி இருக்கவேண்டிய திரையில் ஒரே வரி.

“இது காய்ச்சலா, ஊஞ்சலா?” என்றாள் அம்மாக்காரி.

அந்தக் கணினிகளுக்கு இயங்குதளம் எழுதும் அலுவலகத்துக்குப் புகார் போனது. அங்கே அண்ணிக்கும் நாத்தனாருக்கும் எதிரெதிர் மேசை.

“கணினிப் பேரோட நீளத்தைப் போன வாரம் நீங்கதானே அண்ணி கூட்டினீங்க?”

“பின்னே? இருநூத்தம்பத்தஞ்சு எழுத்துக்காவது இடம் விடணும்னு பொது விதி சொல்லுது. நாம அறுபத்துநாலோட நின்னுட்டிருந்தோம். உன் பழைய புரோகிராம் என்ன பண்ணுதுன்னு முதல்ல பாரு.”

நாத்தனார் பார்த்தாள். பதிவு எழுதும் அந்தப் புரோகிராமில் பெயருக்கு அறுபத்து நான்கே இடம். மிச்சத்தை வெட்டிவிட்டு வாயே திறக்காமல் இருந்தது. மருத்துவமனையோ இடம் கிடைத்த சந்தோஷத்தில் கட்டடம், மாடி, பிரிவு, அறை என்று பெயரில் அடுக்கி, கட்டில் எண்ணைக் கடைசியில் வைத்திருந்தது. எண் வெட்டுப்பட்டதும் இரண்டு கணினிக்கும் ஒரே பெயராகி, இரண்டு பிள்ளைகளின் சூடும் ஒரே வரியில் மாறி மாறி விழுந்தது.

“அப்போ தப்பு யாரு மேல?”

“தெரியலையே அண்ணி. நீங்க விதிப்படி, நான் பழையபடி.”

“பதிவைப் பிரிச்சு எடுக்கலாமா?”

“எப்படி? எண்ணே எழுதலையே.”

அண்ணி செவிலியை அழைத்து உள்ளதைச் சொன்னாள். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரியாமல், வீட்டுக்கு விடும் தாளில் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. கணினிகளுக்குக் குட்டிப் பெயர் வைத்தார்கள். பெயர் நீண்டால் வெட்டாமல் கூச்சல் போடும்படி நாத்தனார் புரோகிராமைத் திருத்தினாள்.

“பேரு நீளம்னு பிள்ளையை நிறுத்தி வைக்கிற ஊரை இப்பத்தான் பாக்குறேன்,” என்று அம்மாக்காரி பையை அவிழ்த்தாள். செவிலி இரண்டு தரம் விளக்கியும் அவளுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலைப் பதிவில் இரண்டு வரி. ஜன்னலோர வரி தொண்ணூற்றெட்டைத் தாண்டவில்லை. பிள்ளை அம்மாவின் தோளில் தொற்றிக்கொண்டு கிளம்பியது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் காய்ச்சல் அண்டாதிருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லோரும் நல்லபடியாக உங்கள் வாசல் வந்து சேரட்டும்.