மானியம் கேட்ட கொழுகொழு குழந்தைகள்

அதைத்தான் சொல்ல வருகிறேன், பிள்ளைகளைச் சிங்காரித்து நிறுத்தியதில் தப்பு அம்மாக்கள் மேல் இல்லை. பணம் கொடுக்கிற ஆபீசர் குழந்தைகளைப் பார்க்க வருகிறார் என்றால் யாருக்கும் என்ன தோன்றும்? கொழுகொழு குழந்தைப் போட்டி என்றுதானே? போன வருஷம் மந்தைவெளியில் ஒன்று நடந்தது. முதல் பரிசு பால் பவுடர் டின்.

இது 1974. அடையாறு சாஸ்திரி நகரில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. சித்தாள் பெண்கள் கல் சுமக்கும்போது அவர்களுடைய பிள்ளைகள் பத்தொன்பது பேரையும் ஒரு காலிக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் சாந்தோம் ஐரின் டீச்சர். கூடமாட நான், பி.ஏ. முடித்துவிட்டு அபிராமபுரத்து வீட்டில் சும்மா உட்கார முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள். ஆரம்பத்தில் ஆயா கிடையாது, பால் கிடையாது. கவனிப்பாரில்லாமல் குழந்தைகள் சீரழிவதைத் தடுக்க சர்க்கார் மானியம் தருவதாகக் கேள்விப்பட்டு எழுதிப்போட்டோம். அது வராவிட்டால் மாதக் கடைசியில் கொட்டகையை மூட வேண்டியதுதான். பிள்ளைகள் பழையபடி மணல் குவியலுக்கு. அதற்கு நாலடி தள்ளி, மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி.

மானிய ஆபீசர் கணேசமூர்த்தி சார் ஜீப்பிலிருந்து இறங்கினார். திருநெல்வேலிக்காரர், கையில் நிரப்ப வேண்டிய பாரம், காலில் புதுச் செருப்பு. எதிரே பத்தொன்பது குழந்தைகள், எண்ணெய் தேய்த்துக் குளித்து, பவுடர் அப்பி, பட்டு கட்டி. கிருஷ்ணர் வேஷத்தில் மட்டும் மூன்று பேர். சித்தாள் தங்கம் தன் பையனை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். எடை போடப்போகிறார்கள் என்று நினைத்து அவன் சட்டைப் பையில் இரும்பு நட்டுகளைப் போட்டிருந்தாள். அவன் கிணிகிணி என்று ஒலித்தான்.

சார் பாரத்தைப் புரட்டினார். கவனிப்பின்றி விடப்பட்ட குழந்தைகள் எத்தனை என்று ஒரு கட்டம். சுற்றிலும் பார்த்துவிட்டு முட்டை போட்டார். ஐரின் டீச்சர் எவ்வளவோ சொன்னார். நானும் குறுக்கே குறுக்கே பேசிக் கெடுத்தேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

அப்போதுதான் கான்கிரீட் மிக்சர் ஓட ஆரம்பித்தது. மூன்றாவது மாடிக்குத் தளம் போடும் நாள். தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது. பெண்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். தங்கம் பையனை சார் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் புடிச்சிக்கோ சார். உனுக்கு இன்னா, சும்மா குந்திகினுதானே கீறே?"

அவ்வளவுதான். இரண்டு கிருஷ்ணர்கள் ஜீப்புக்கு அடியில் போனார்கள். மூன்றாமவன் பாரத்தின் ஒரு மூலையைத் தின்றான். டீச்சர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் துரத்த, தங்கத்தின் பையன் மடியிலிருந்து நழுவித் தொட்டியைப் பார்த்து ஓடினான். சார் தரையில் கொட்டியிருந்த கலவைக்குள்ளேயே பாய்ந்து ஓடி, தொட்டி விளிம்பில் அவனை அரைஞாண் கயிற்றோடு பிடித்துவிட்டார். ஒரு செருப்பு கலவையோடு போயிற்று. சட்டி சட்டியாக மேலே ஏற்றினார்களே, இப்போது அது மூன்றாவது மாடித் தளத்தில்தான் இருக்கும்.

மூச்சு வாங்க உட்கார்ந்தார். முட்டையை அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதினார். தண்ணீர் குடிக்க வந்த தங்கம் விஷயம் தெரிந்ததும் சட்டியை டொக்கென்று இறக்கினாள்.

"எம் புள்ளைய கவனிப்பு இல்லாத புள்ளைன்னு எழுதிகினியா?"

"ஒன்னைச் சொல்லல தாயி. அரை மணி நேரம் நான் பாத்துக்கிட்ட லட்சணத்தைத்தான் எழுதுதேன்."

மானியம் வந்துவிட்டது. பால் வந்துவிட்டது, ஆயா வந்துவிட்டாள், தொட்டிக்கு மூடியும் போட்டாயிற்று. இப்போது புதுத் தலைவலி. சீரழியாமல் தடுக்கப்பட்ட குழந்தைகள் எத்தனை என்று மூன்று மாத அறிக்கை கேட்கிறார்கள். டீச்சர் பத்தொன்பது என்கிறார். ஒருத்தர்கூட இல்லை என்று எழுதாவிட்டால் பையனை அனுப்பமாட்டேன் என்கிறாள் தங்கம். நான் ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணினேன். தொட்டிப் பக்கம் ஓடித் தடுக்கப்பட்டது நாற்பத்தொரு தடவை. அதில் முப்பத்து மூன்று தங்கத்தின் பையன் மட்டும். அவனை ஒரு குழந்தையாகப் போடுவதா, முப்பத்து மூன்றாகவா? நாளைக்கு அறிக்கை போயாக வேண்டும். நீங்களாக இருந்தால் எந்த எண்ணைப் போடுவீர்கள், சொல்லுங்களேன்?