மூன்றாம் பதிப்பு

என் வீட்டு ஆண்கள் இரண்டு பேருக்கும் கடவுளை விட்டால் வேறு பேச்சு கிடையாது. ஒருவர் இல்லை என்பார், ஒருவன் உண்டு என்பான். இல்லை என்பவர் என் கணவர், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். உண்டு என்பவன் என் தம்பி, ஆறு நாள் பிரிட்ஜ் மெக்கானிக், ஏழாம் நாள் பைபிள் பிரசங்கி. நடுவில் மாட்டிக்கொண்டு, பதினொரு வருடமாக இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்து, ஆறிப்போன டம்ளரை எடுத்துக் கழுவுகிறவள் நான். நீ என்ன நினைக்கிறாய் என்று என்னை ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

எனக்குக் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. சாட்சி சொல்வதை அப்படியே தட்ட வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அழுதால் ‘சாட்சி அழுகிறார்’. வாயை மூடிக்கொண்டு நின்றால் ‘சாட்சி பதில் சொல்லவில்லை’. இருபத்தாறு வருடத்தில் காதில் விழாத ஒரு வார்த்தையை நான் தட்டியதில்லை. தட்டியதில்லை என்றுதான் சொல்கிறேன். வாயால் சொன்னதில்லை என்று சொல்லவில்லை.

போன ஞாயிறு சாயங்காலம் நூலகத்து மாடி ஹாலில் வாசகர் வட்டக்காரர்கள் இவர்கள் இரண்டு பேரையும் மோதவிட்டார்கள். ‘கடவுள் உண்டா? வேதம் வரலாறா?’ என்று சுவரில் தாள் ஒட்டியிருந்தது. பேசுவதை எல்லாம் பதிவு செய்து புத்தகமாகப் போடப்போகிறார்களாம். யார் பதிவு செய்வது? “என் பெண்டாட்டி இருக்கா” என்றார் ஒருவர். “எங்க அக்கா இருக்கு” என்றான் மற்றவன். இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். எனக்குக் கிடைக்கும் ஒரு ஞாயிறும் போச்சு. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மேடை ஏறியதும் தம்பி பையிலிருந்து அந்த நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். ‘அம்மாவின் கடைசி வார்த்தை’, மூன்றாம் பதிப்பு. அவனே எழுதிப் போட்டது.

அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா என் வீட்டில்தான் செத்தாள், சாயங்காலம் நாலு மணிக்கு. கூட நான் மட்டும்தான். இவர் பள்ளிக்கூடத்தில். தம்பி எங்கேயோ குடித்துவிட்டுக் கிடந்தான், மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை. மறுநாள் காலை வாசலில் வந்து நின்றான், சட்டை முழுக்க வாந்தி. “அம்மா கடைசியா என்னக்கா சொன்னா?” என்று கேட்டான். “‘கடவுளே, அவனைப் பாத்துக்கோ’ன்னு சொன்னாடா” என்றேன். அன்றைக்கு விட்ட குடியை அவன் திரும்பத் தொடவில்லை.

அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. நான் அந்த நிமிஷத்தில் கட்டிச் சொன்னது. அம்மா சொன்னது வேறு. அதை நான் கட்டின புருஷனிடம்கூட வாய் திறக்கவில்லை.

முதல் பதிப்பில் நான் சொன்ன அந்த மூன்று வார்த்தை மட்டும் இருந்தது. இரண்டாம் பதிப்பில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மூன்றாவதில் அம்மா முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. என்ன பெரிய வெளிச்சம்? ஜன்னலை ஒட்டிய கட்டில், நாலு மணி வெயில் யார் படுத்தாலும் முகத்தில்தான் விழும். என் பொய்க்கு இவன் பாலிஷ் போட்டுக்கொண்டே போனான், நான் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் குடியை விட்ட ஏழெட்டுப் பேர் அவன் பின்னால் சுற்றுகிறார்கள். நிஜத்தைச் சொன்னால் இவன் மறுபடியும் பாட்டிலைத் தூக்கிவிடுவானோ என்ற பயம்தான் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

ஹாலில் அறுபது பேர் இருப்பார்கள். தம்பிதான் முதலில் ஆரம்பித்தான்.

“பிரிட்ஜ் கதவை மூடினா உள்ள லைட் அணைஞ்சிடும்னு சொல்றீங்களே மாமா, நீங்க உள்ள உக்காந்து பாத்தீங்களா?”

ஒரே சிரிப்பு. இவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “எதுக்கு மச்சான் உள்ள போகணும்? சுவிட்சை விரலால அழுத்திப் பாத்தா போதும். உன் கடவுளுக்கும் அப்படி ஒரு சுவிட்ச் இருந்தா காட்டு, நானும் அழுத்திப் பாக்கறேன்.”

‘கைதட்டல்’ என்று தட்டினேன்.

“சரி, வேதத்துக்கு வருவோம்” என்றார் இவர். “முதல்ல எழுதின தாள் எங்க இருக்கு? யார்கிட்டயும் இல்ல. நம்ம கையில இருக்கறது நகலுக்கு நகல். நடந்ததுக்கும் எழுதினதுக்கும் நடுவுல ஒரு தலைமுறையே போயிடுச்சு. பாத்தவன் சொன்னதைக் கேட்டவன், அவன் சொன்னதைக் கேட்டவன் எழுதினது. இதை எந்தக் கோர்ட் ஒத்துக்கும்?” சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கல்யாணமான புதிதில் கண்ணடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

தம்பி அசரவில்லை. “நகல் நிறைய இருக்கறதுதான் மாமா பலம். ஒண்ணுல தப்பிருந்தா இன்னொண்ணு காட்டிக் கொடுத்துடும். அதை விடுங்க, நான் ஒண்ணு கேக்கறேன். கதை கட்டறவன் தன் ஆளுங்களை நல்லவனாத்தானே காட்டுவான்? வேதத்துல பாருங்க. பெரிய பெரிய ஆளெல்லாம் பயந்து ஓடறான், பொய் சொல்றான், குடிச்சிட்டு விழறான். ஒண்ணையும் மறைக்கல. எழுதறவனுக்கே கூசுற விஷயம் இருந்தா, அது நடந்தது. இனிக்க இனிக்க இருந்தா சந்தேகப்படு!”

என் விரல் நின்றுவிட்டது. மடையா, மடையா என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். இனிக்க இனிக்க இருக்கும் புத்தகம் அவன் முழங்கைப் பக்கத்திலேயே கிடந்தது.

இவர் இதற்காகவே காத்திருந்த மாதிரி தன் பைக்குள் கையை விட்டார். மூன்று பதிப்பும் வந்தன, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கோடு போட்டு. வீட்டில் எங்கே ஒளித்து வைத்திருந்தார், எப்போது உட்கார்ந்து கோடு போட்டார், எனக்குத் தெரியாது. பரீட்சைத் தாள் திருத்துகிற அதே பேனா.

“பதினொரு வருஷம்தான் ஆச்சு” என்றார். “ஒரே வீடு, ஒரே சாவு. மூணு பதிப்புல மூணு கதை. இதுவே இந்த லட்சணம்னா, ஆயிரக்கணக்கான வருஷம் கைமாறி வந்த புத்தகம் என்ன கதியாகியிருக்கும்?”

செத்தது என் அம்மா. இவருக்கு அது உதாரணம், அவனுக்கு அது பிரசங்கம். உடம்பெல்லாம் எரிந்தது.

“கை, வெளிச்சம் எல்லாம் நான் சேத்தது, ஒத்துக்கறேன்” என்றான் தம்பி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “வார்த்தை மாறல மாமா. அதுக்குச் சாட்சி இருக்கு. காதுல விழாததை ஒரு எழுத்து தட்டாத சாட்சி. இதோ உக்காந்திருக்கு. அக்கா, நீயே சொல்லு.”

“சொல்லட்டுமே” என்றார் இவரும். “அத்தை அப்படிச் சொன்னாங்களா?”

பதிவு செய்கிறவளையே சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்று கோர்ட் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறவருக்குக்கூடத் தெரியும். இந்த இரண்டு மேதைகளுக்கும் தெரியவில்லை. பதினொரு வருடம் கழித்து என்னை ஒரு கேள்வி கேட்கிறார்கள், அதுவும் ஆளுக்கு ஒரு பக்கம் ஜெயிப்பதற்காக. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

“சொல்லல” என்றேன். “அது நான் கட்டிச் சொன்னது.”

தம்பி என்னையே பார்த்தான், சின்ன வயசில் பல்லை உடைத்துக்கொண்டு வந்து நிற்பானே, அந்த முகம். இவருக்கு உதட்டில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, என்னைப் பார்த்ததும் அடங்கியது. ஆனாலும் வாத்தியார் புத்தி போகுமா?

“அப்ப என்னதான் சொன்னாங்க?” என்றார்.

“ஜெயிச்சாச்சுல்ல? அப்புறம் என்ன?” என்று கத்தினேன். “எங்க அம்மா போன அன்னைக்கு, நீ எப்படிம்மா இருக்கேன்னு என்னை ஒருத்தர் கேக்கல. இவன் குடியை விட்டதை எல்லாரும் பேசினீங்க. அவளைக் குளிப்பாட்டினது யாருன்னு கேட்டீங்களா? அந்தச் சாவைக் கொண்டுவந்து மைக் முன்னாடி வெச்சு ஆளுக்கு ஒரு கால் இழுக்கறீங்களே, வெக்கமா இல்ல ரெண்டு பேருக்கும்?”

அப்புறம் உட்கார்ந்தேன். வேலை வேலைதான். ‘கேள்வி: அப்படியானால் என்ன சொன்னார்? சாட்சி பதில் சொல்லவில்லை.’ தட்டி முடித்து, பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு வருவதற்குள் தம்பி பின்னாலேயே ஓடிவந்தான். நீலப் புத்தகம் கையில் சுருண்டிருந்தது.

“அக்கா, நில்லு. அம்மா என்ன சொன்னா?”

“வீட்டுக்குப் போடா.”

“மேல நின்னு அவ்வளவு பேசிட்டேன், கூசுறதுதான் நிஜம்னு. எனக்கு மட்டும் இனிப்பா? சொல்லு.” அவன் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை நான் பழைய நாளில் பார்த்திருக்கிறேன், எனக்கு உயிர் போனது. “நான் திரும்பக் குடிச்சா அது என் தப்பு. உன் தப்பு இல்ல. சொல்லுக்கா.”

எவ்வளவு நாள்தான் சுமப்பது? சொல்லிவிட்டேன்.

“‘அவன் வந்தா கதவைத் திறக்காதே’ன்னு சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. அதுக்கப்புறம் பேசல.”

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். அழுவான், எழுந்து போவான், எந்தக் கடைக்குப் போவான், எந்தப் பக்கம் ஓடி மறிப்பது என்று நான் தெருவின் இரண்டு முனையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் புத்தகத்தை மடியில் வைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தான். கடைசியில் தலையைத் தூக்கினான்.

“ஆனா நீ திறந்தியே” என்றான்.

“பின்ன? நாத்தம் பிடிச்ச சட்டையோட வாசல்ல நிக்கறே, தெருவே வேடிக்கை பாக்குது. திறக்காம என்ன பண்றது?” என்று கத்தினேன். கத்தும்போதே பாழாய்ப்போன அழுகை வந்துவிட்டது. புறங்கையால் துடைத்தேன்.

“அதை எழுதட்டுமாக்கா?”

“எதை?”

“அம்மா சொன்னதை. நீ திறந்ததை.”

“எழுதித் தொலை” என்றேன். “வெளிச்சம் கிளிச்சம்னு ஒரு எழுத்து சேத்தே, கையை முறிச்சிடுவேன்.”