கேரியர் முனையில் ஒரு விளக்கு

ஒன்பது நாள் சைக்கிள் பயணம் போகப் போவதாக மகள் சொன்னபோது நான் தடுக்கவில்லை. தடுத்தால் நிற்கிறவளும் இல்லை. அப்பாவின் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது. அதனால் கடைக்குப் போனேன். ஹெல்மெட், இருட்டில் பளிச்சென்று தெரியும் மேல்சட்டை, கைப்பிடியில் மாட்டும் கண்ணாடி, மணி, அப்புறம் மினுக்கும் சிவப்பு விளக்குகள் நான்கு.

எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிப் பார்த்தாள்.

"அம்மா, நான் ஊர் சுத்தப் போறேன். ஆம்புலன்ஸ் ஓட்டப் போகல."

"பேசாம மாட்டு."

"மாட்டறேன். நான் எங்க உக்கார்றதுன்னு மட்டும் சொல்லிடு."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விளக்குகளில் ஒன்றைக் குறைக்கவும் மனம் ஒப்பவில்லை. அதன் காரணத்தை நான் அவளிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், என் கணவர் தன் கடைசி சைக்கிள் பயணத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், அவருடைய சைக்கிள் கூடத்தில் நின்றது. சீட்டுக்கு அடியில் இருந்த விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. நான் மேஜையில் ஒரு பாடப்புத்தகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். வரி தவறித் தவறிப் போனது. திரும்பிப் பார்க்காமலே, "அந்த லைட்டை எடுத்துடுங்களேன், கண்ணு வலிக்குது" என்றேன்.

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன்" என்றார்.

மறுநாள் காலைப் பனியில், பின்னால் வந்த வேன் அவர்மேல் மோதியது. மருத்துவமனை வராந்தாவில் அந்த டிரைவர் போலீஸ்காரரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்: "சத்தியமா பின்னாடி லைட்டே இல்ல சார்."

எடுத்துட்டேன் என்றால் கழற்றிவிட்டேன் என்றும் ஆகும், கையோடு எடுத்துக்கொண்டேன் என்றும் ஆகும். அந்த வராந்தாவில் நான் இரண்டாவது அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு நாள் கழித்து, செருப்பு அலமாரியின் மேல் அந்தச் சிவப்பு விளக்கு இருப்பதைப் பார்த்தேன். நான் சொன்னதற்காகக் கழற்றியிருக்கிறார். திரும்ப மாட்ட மறந்திருக்கிறார். ஊரார் எழுத்துக்கெல்லாம் பிழை திருத்துகிறவள் எடுக்க வேண்டாம், அணைத்தால் போதும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கக் கூடாதா? மூன்று வருடமாக இதே கேள்விதான்.

மகளின் சைக்கிளுக்குக் கேரியர் போட வேண்டியிருந்தது. "நட்டுகிட்ட போகலாம்" என்றாள். நட்டு என்பது சைக்கிள் மெக்கானிக்குக்கு அவர் வைத்த பெயர். அந்தக் கடைசிப் பயணத்தில் அவருடன் போனவன் அவன்தான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் அவன் கடை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன்.

கடையில் எங்களைப் பார்த்ததும் நட்டு எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் கொண்டுபோன பையைப் பிரித்தபின்தான் கொஞ்சம் இயல்பானான்.

"என்னக்கா, நாலு லைட்டு! பாப்பா போறது சைக்கிள்லயா, தேர்லயா?"

"நல்லா கேளுண்ணா" என்றாள் மகள்.

"ஆனா சீட்டுக்கு அடியில மாட்டினா பிரயோஜனம் இல்ல பாப்பா. கேரியர்ல பைய வச்சதும் மறைஞ்சிடும். பின்னாடி வர்றவனுக்குப் பைதான் தெரியும். கேரியர் முனையில மாட்டணும், சாருக்கு மாட்டின மாதிரி."

"சாருக்கா?" என்றேன்.

"ஆமாக்கா. கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி புதுசு ஒண்ணு எடுத்தாரே, டைனமோ லைட்டு. நான்தான் மாட்டினேன். பழச வீட்லயே விட்டுட்டு வாங்கன்னும் சொன்னேன்."

எடுத்தார். வாங்கினார் என்று மூன்றாவதாக ஓர் அர்த்தமும் அந்த வார்த்தைக்கு உண்டு. எனக்குத் தோன்றவே இல்லை.

"அது எரிஞ்சுதா?" என்றேன்.

"எரியாம? அதுக்கு சுவிட்சே கெடையாது. முன் சக்கரத்துக்குள்ள டைனமோ இருக்கு. சக்கரம் சுத்தினா எரிஞ்சே ஆகணும். நின்னப்புறமும் லைட்டுக்குள்ளயே சேந்திருக்கற கரண்ட்ல நாலஞ்சு நிமிஷம்..." பாதியில் நிறுத்தினான்.

"சொல்லு."

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "நான் ரெண்டு வளைவு பின்னாடி வந்துட்டிருந்தேன். பனியில ஒண்ணுமே தெரியல. கேரியர் தனியாப் பிச்சுக்கிட்டு பள்ளத்துல கெடந்துச்சு. அதுல அந்த செவப்பு லைட்டு எரிஞ்சிட்டிருந்துச்சுக்கா. அதப் பாத்துத்தான் நின்னேன். நான் சார் பக்கத்துல போய் உக்காந்த பிறகுதான் அணைஞ்சுது."

"இத போலீஸ்ல சொன்னியா?"

"ரெண்டு தடவ. கோர்ட்லயும் சொன்னேன். பெரியவர் உங்ககிட்ட சொல்லலையா?"

பெரியவர் என்றது என் கணவரின் அண்ணனை. வழக்கு முழுவதையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அதைப் பற்றி அவர் வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் நான் "வேணாம்" என்று எழுந்து உள்ளே போயிருக்கிறேன்.

"சொல்லத்தான் வந்தார். நான் கேக்கல" என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். மகள் கொடுத்த தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, பசித்தது. காலை பதினொரு மணிக்கு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவளுக்கு அப்படி ஒரு பசி. அவர் போனது போனதுதான். ஆனால் விளக்கோடு போயிருக்கிறார்.

"உங்களுக்கு எம்மேல கோவம்னு நெனச்சிட்டிருந்தேன்க்கா" என்றான் நட்டு. "கூட்டிட்டுப் போனவன் நான்தானே."

"பைத்தியக்காரா. நான்தான் உன் மூஞ்சியப் பாக்க பயந்துட்டிருந்தேன்."

"எதுக்கு?"

அப்போதுதான் இருவருக்கும் சொன்னேன், செருப்பு அலமாரி வரைக்கும். மகள் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். பிறகு காதருகில், "மூணு வருஷமா இத மனசுல வச்சுக்கிட்டா எனக்குத் தெனமும் ரோடு கிராஸ் பண்ணக் கத்துக்குடுத்தே?" என்றாள்.

நட்டு அவளுடைய முன்சக்கரத்தை டைனமோ சக்கரமாக மாற்றி, கேரியர் முனையில் விளக்கைத் திருகினான். சுழற்றிவிட்டதும் எரிந்தது. நான் பையிலிருந்த நாலில் மூன்று விளக்குகளை எடுத்து மறுபடியும் அட்டைப்பெட்டியில் போட்டேன்.

"ஒண்ணு போதும். ஹெல்மெட்டுக்கு."

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு நெனைக்கிறேன்" என்றாள் மகள்.

நான் நட்டுவைப் பார்த்தேன். "நீ இப்போ எங்கயும் போறதில்லையா?"

"எங்கக்கா... என் வண்டி மாடியில தொங்குது. டயரே இல்ல."

"டயர் விக்கறவன் பேசற பேச்சா இது? மாட்டு. இவளோட போ."

மகள் குதித்தாள். "அம்மா! எனக்குக் காவலுக்கு ஆள் அனுப்பறியா?"

"உனக்கில்லடி" என்றேன். "அவனுக்கு."

நட்டு துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஏணியைச் சுவரில் சாய்த்து, மேலே மாட்டியிருந்த டயர்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்துக் கீழே இறக்கினான்.