மஞ்சள் சதை

சாவ் டொக் ஆற்றில் மிதக்கும் வீட்டில்தான் தியெம் குடித்தனம் நடத்தினாள். கூடத்துத் தரையின் கீழே, தண்ணீருக்குள் கூண்டு. கூண்டு நிறைய வளர்ப்புப் பாசா மீன். இந்த மீனை விற்றதும் வீட்டையும் விற்றுவிட்டுக் கரையேறலாம் என்று கணவன் தொவான் சொல்லியிருந்தான். அவளும் கரையில் வாடகைக்கு ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள்.

மீனை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைக்காரர் வந்து ஒரு மீனைக் கீறிப் பார்த்தார். சதை மஞ்சளாக இருந்தது. தவிட்டோடு மக்காச்சோளமும், சந்தையில் கழித்துப்போட்ட பூசணியும் கலந்து போட்டதாகத் தொவான் ஒப்புக்கொண்டான். மீன் நன்றாகத்தானே தின்றது என்றான்.

"தின்னும்பா. தின்னதெல்லாம் சதையில வந்து நிக்குது பாரு. வெளிநாட்டுக்காரன் வெள்ளையாத்தான் கேக்குறான். மூட்டையில வர்ற ஆலைத் தீனி மட்டும் போடு, நிறம் வெளுக்கும். ஆனா ரொம்பப் பெருக்க விட்டுடாத. கொழுப்பு ஏறிட்டா அதையும் எடுக்க மாட்டோம்."

தீனி போட்டால் பெருக்கும். போடாவிட்டால் மெலிந்து சதை தளரும். அரைவயிற்றுக்குப் போட்டார்கள். பசித்த மீன்கள் பகலெல்லாம் பலகையில் முட்டின. சோறு தின்னும்போது பாய்க்கடியில் அந்த முட்டல் தியெமின் தொடையில் உறைத்தது.

ஆலைக்காரர் மறுபடி வந்தபோது சதை வெளுத்திருந்தது. ஆனால் வெளுக்கக் காத்திருந்த மாதங்களில், அரைத் தீனியிலும் வயிற்றில் விரல் தடிமனுக்குக் கொழுப்பு ஏறியிருந்தது. வேண்டாம் என்று போய்விட்டார்.

"ஏங்க, அப்ப கரைக்கு எப்பப் போறது?"

"இத்தனை மீனை வச்சுக்கிட்டு எங்க போக? இதோட சேத்து வீட்டை எவன் வாங்குவான்?"

மறுநாள் அவளே படகில் மீன் கூடையோடு கரைக்குப் போனாள். மண்சட்டியில் மீன் வற்றவைத்து விற்கும் ஹான் அக்கா மீனின் வயிற்றுப்பக்கத்தை அழுத்திப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு வேண்டியதே அந்தக் கொழுப்புதான். ஆனால் ஒரு சாப்பாட்டுக்கடை தினம் எத்தனை மீனைத் தாங்கும்? கூண்டில் மிச்சமிருந்தவை தின்றுகொண்டும் வளர்ந்துகொண்டும் இருந்தன. கரையில் அவள் பார்த்து வைத்திருந்த அறைக்கு வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள்.

மழைக்காலத்தில் கூண்டு பாதி காலியானது. ஒருநாள் அவள் கரையிலிருந்து திரும்பியபோது வீட்டோரம் மீன்குஞ்சு விற்பவனின் படகு நின்றது. தொவான் கூண்டின் நடுவில் தடுப்பு வலை கட்டிக்கொண்டிருந்தான்.

"பாதி சும்மாத்தானே கெடக்கு," என்றான், அவளைப் பார்க்காமல்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவன் வலை முடிச்சை இறுக்கினான். படகுக்காரன் குஞ்சுப் பைகளை இறக்கி வைத்துவிட்டுப் போனான். அவள் கூண்டு வாய்க்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். பைகளுக்குள் தண்ணீர் சூடாகிக் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்தன. ஒன்றிரண்டு மல்லாந்தன. தொவான் கெஞ்சவும் இல்லை, நகரவும் இல்லை.

கடைசியில் அவள்தான் எழுந்தாள். முதல் பையின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, ஒரு குஞ்சும் சிந்தாமல் கூண்டின் காலிப் பாதியில் விட்டாள்.