தாம்லே வீட்டுத் தரை

சதாசிவப் பேட்டையில் தாம்லே குடும்பத்தாரின் யோகக் கூடத்துத் தரை, மழைக்காலத்துத் திங்கட்கிழமை ஒன்றில், முழங்கால் உயரம் எழும்பியது. கூடம் முழுவதும் அல்ல. ஜன்னலோரம் சிந்து அக்கா நின்ற இடத்தில் மட்டும். வகுப்பு முடிந்து கூடம் காலியானபின் அவள் மாடியிலிருந்து இறங்கி, ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திரிகோணாசனத்தில் சாய்ந்தாள். மறு கை தரையை எட்டாமல் பாதி வழியில் தொங்கியது. தரை மேலே வந்து உள்ளங்கையைத் தொட்டது. பார்த்துக்கொண்டிருந்த, வகுப்பு நடத்தும் தம்பி வாமன்ராவின் கையில் தேநீர் ஆறிப்போயிற்று.

“முறைக்காதடா வாமன்யா. நான் கூப்பிடல, அதுவா வந்துச்சு.”

சிந்துவுக்கு ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. உடல்களை நிமிர்த்தும் வீட்டில் கோணிய கால் கண்ணில் படக்கூடாதென்று அப்பா முடிவு செய்தார். அப்பா போனபின் வாமன்ராவ் அந்த விதியைக் காத்தார். வகுப்பு நேரத்தில் அக்கா மாடியில்தான். கீழிருந்து வரும் குரலைக் கேட்டபடி நாற்காலியையும் தலையணையையும் துணைக்கு வைத்து, பழம்புடவையைக் காலில் மாட்டி இழுத்து, நாற்பது வருஷத்தில் எல்லா ஆசனங்களையும் தன் உடம்புக்குத் தக்கபடி தைத்துக்கொண்டாள். வாமன்ராவ் கொத்தனாரை அழைத்துத் தரையைச் சமன் செய்தார். மறுநாள் அவள் கை நீட்டியதும் அது எழுந்தது. கேட்டவர்களிடம், ஈரத்தில் தரை உப்புகிறது என்றார் வாமன்ராவ்.

“தசராவுக்கு எல்லார் முன்னாடியும் கூடத்துல உக்காருவேன்” என்றாள் அக்கா.

“அப்பா மானம் என்ன ஆகும்?”

“அவர் மானம் என் கால்லயா இருக்கு? அப்ப அது எப்பவோ நொண்டிப் போச்சு.”

தசராவன்று சாத்தாராவிலிருந்தும் நாசிக்கிலிருந்தும் பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். அக்கா படியெல்லாம் இடிபட நாற்காலியோடு இறங்கிவந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து கை நீட்டினாள். தரை எழத் தொடங்கியது. இவங்க யாருங்க என்று ஒருவர் கேட்டார். தூரத்துச் சொந்தம் என்று சொல்ல வாமன்ராவ் வாயெடுத்தார். தரை பாதியில் நின்றுவிட்டது. அக்காவின் கை அத்தனை பேர் முன்னால் அந்தரத்தில் தொங்கியது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை. கையை மடக்கவும் இல்லை.

“என் கூடப்பிறந்த அக்கா” என்றார் வாமன்ராவ், முதுகு வளையாமல். “இந்த வீட்ல எனக்கு முன்னாடி ஆசனம் கத்துக்கிட்டவங்க. இன்னைக்கு வகுப்பு அவங்கதான் எடுப்பாங்க.”

தரை மிச்ச தூரத்தையும் ஏறி வந்தது.

அதன்பின் வாதத்தில் ஒரு பக்கம் விழுந்த தபால்காரர் வந்தார்; இடுப்பு ஒடிந்த கல்லூரி ஆசிரியை வந்தாள்; சக்கர நாற்காலிகள் வந்தன. காலை ஏழு மணிக்குக் கூடம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். பெருக்க வருகிறவள் எட்டுக்கு மேல்தான் வருகிறாள். வாமன்ராவுக்காகத் தரை ஒருபோதும் எழவில்லை. அதில் அவருக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு, வெளியே காட்டுவதில்லை. மற்ற கூடங்களில் தரை இப்படி வருவதில்லையே என்று யாராவது கேட்டால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, அது அந்தந்த வீட்டு வளர்ப்பு என்கிறார்.