நம்வோன் அக்காவின் முழங்கால்

எங்கள் பேருந்தின் நெற்றியில் 'மருத்துவமனை வழி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை நம்பியவர்கள் மாவட்ட அலுவலகத்தில் மட்டும்தான் இருந்தார்கள்.

பம்கோல் கிராமத்து முதியவர்கள் சந்தை ஊரில் இருக்கும் மருத்துவமனைக்குப் போய்வர என்று மாவட்டம் விட்ட வண்டி அது. ஓட்டுவது நான். முதல் வருடம் எல்லோரும் உண்மையிலேயே மருத்துவமனையில்தான் இறங்கினார்கள். பிறகு, திரும்பும் வண்டிக்கு நேரம் கிடக்கிறதே என்று சந்தைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். நடந்தவர்கள் வெந்நீர்க் குளியல் கடைக்குள் நுழைந்தார்கள், தலைமுடியைச் சுருட்டிக்கொண்டார்கள், நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். கொஞ்ச காலத்தில் முட்டி வலி, தூக்கமின்மை, மாமியார் காலத்து நெஞ்செரிச்சல் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. மருத்துவமனை நிறுத்தத்தில் நான் கதவைத் திறப்பேன். காற்று மட்டும் இறங்கும்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவி நம்வோன் அக்கா. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகி வந்த பெண்களைப் பிறந்த ஊர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவருடைய சொந்தப் பெயர் எனக்கே தெரியாது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் சியோலில். மலையடியில் கடைசி வீடு அவருடையது. சீட்டாட்டத்தில் கூசாமல் திருடுவார். கையும் களவுமாகப் பிடித்தால் கண் சரியில்லை என்பார்.

வசந்தம் பிறந்ததும் ஒரு செய்தி வந்தது. மருத்துவமனையில் யாருமே இறங்குவதில்லையாம், நேரில் பார்க்க அதிகாரி வருகிறாராம், நோயாளி இல்லையென்றால் வண்டியை நிறுத்திவிடுவார்களாம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நம்வோன் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"நோவுதானே வேணும் அந்தாளுக்கு? குடுத்துட்டாப் போச்சு," என்றார்.

அதிகாரி குவாக் ஏறிய அன்று வண்டி முழுக்க வலி பிளாஸ்திரி வாடை. முந்தின நாள் முட்டைக்கோஸ் மூட்டையைத் தூக்கிப் போட்ட கை அன்று கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கியது. கைத்தடியே இல்லாதவள் இரண்டு தடியோடு வந்தாள். நம்வோன் அக்காவையோ இரண்டு பேர் தாங்கி ஏற்றினார்கள். புருஷனின் பழைய கம்பளித் துண்டைச் சுற்றியதில் முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. வளைவுகளில் முனகுவது என்று பேச்சு. இவர்கள் நேர்ச் சாலையிலும் முனகினார்கள்.

குவாக் நல்ல மனிதர். அதுதான் வினையாகிவிட்டது. கண் கலங்கி எழுந்து நின்றார்.

"அம்மா, இந்த நெலமையில உங்கள வண்டியில ஏத்தி எறக்குறதே பாவம். இனிமே டாக்டரயே உங்க ஊருக்கு அனுப்பிடுறோம். பஸ்ஸே வேணாம். நீங்க யாரும் வீட்ட விட்டு அசைய வேணாம்."

முனகல் சட்டென்று நின்றது. என் எஞ்சின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

கழுத்துக் கட்டுக்காரி மெதுவாகக் கையை வெளியே எடுத்தாள். இன்னொருத்தி தடிகள் பக்கத்து வீட்டுக்காரருடையவை என்றாள். குவாக்குக்குத் தலை சுற்றியது. எல்லோரும் நன்றாக இருந்தால் மருத்துவமனைக்கு வண்டி எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு வந்த கோபத்துக்கு வண்டியை ஓரங்கட்டினேன். இவ்வளவு நன்றாக நடிக்கச் சொல்லி யார் அழுதார்கள்?

நம்வோன் அக்கா துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் பயத்தைப் பார்த்தேன்.

"முட்டி நல்லாத்தான் இருக்கு சார். போன குளிருக்குப் பனி மூடி ஒரு மாசம் பஸ்ஸு வரல. அப்ப எங்கூடப் பேசுன ஒரே ஆளு எங்க வீட்டு ரைஸ் குக்கருதான். அதுக்குள்ள பதிஞ்சு வெச்ச பொம்பளக் குரலு, 'சோறு வெந்திருச்சு, கிளறி விடுங்க'ன்னு சொல்லும். நானும் சரிம்மான்னு பதில் சொல்லுவேன். அது பேசுறதக் கேக்கணும்னே பசிக்காட்டியும் சோறு வெச்சேன். திங்க முடியாம எங்க கோழிங்களே ஓடுச்சுங்க."

வழக்கமாக அக்கா பேசினால் வண்டியே சிரிக்கும். அன்று யாரும் சிரிக்கவில்லை.

"டாக்டரு வருவாரு, முட்டியத் தட்டிப் பாப்பாரு, போயிருவாரு. அப்புறம் மறுபடியும் குக்கருதான்."

குவாக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, மருத்துவமனைக்கு அடுத்த நிறுத்தம் எது என்று என்னைக் கேட்டார். சந்தை என்றேன். அங்கேயே போகச் சொன்னார். அன்று மத்தியானம் நூடுல்ஸ் கடையில் நம்வோன் அக்கா அவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க விடவில்லை. என் கண் முன்னாலேயே சீட்டை ஒளித்தார், நானும் பேசாமல் இருந்தேன்.

மாவட்டம் வண்டியை நிறுத்தவில்லை. ஆனால் எல்லோரும் கட்டாயம் மருத்துவமனையில் இறங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இறங்குகிறார்கள். முன்வாசலில் நுழைந்து, டாக்டருக்கு ஒரு வணக்கம் வைத்து, பின்வாசல் வழியாகச் சந்தைக்குப் போகிறார்கள். வியாழக்கிழமைகளில் டாக்டரும் கூடவே போகிறார்.

போன வாரம் மாலை வண்டியில், புதிதாகச் சுருட்டிய முடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நம்வோன் அக்கா என்னிடம் சொன்னார்.

"நேத்து ராத்திரி குக்கரு பேச ஆரம்பிச்சுது தம்பி. செத்த சும்மா கெட, நானே அலுத்துப் போயி வந்திருக்கேன்னு சொல்லிட்டேன்."