பயணம் சொன்ன பிறகு

"மிஸ்ரி, என்னப் பொருந்திக்கிடு."

"என்ன மச்சான், காலங்காத்தால?"

"சும்மாதான். ஏதும் தப்பு செஞ்சிருந்தா மனசுல வச்சிக்கிடாத. பொருந்திக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு."

"ஹஜ்ஜுக்கா போறீங்க? மொதல்ல என்னன்னு சொல்லுங்க."

"சொல்லுட்டி."

"சரி, பொருந்திக்கிட்டேன். போதுமா?"

"போதும்" என்றான் முஃபீத். அரபு நாட்டில், தம்மாமில் அவன் அறையில் ஏசி ஓடும் சத்தமும், அதற்குப் பின்னால் யாரோ ஓதும் சத்தமும் கேட்டன. போன் நின்றுவிட்டது.

இந்தப் பேச்சு நடந்தது நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில். இப்போது ஆனி பிறந்து, சாரல் தொடங்கி, முஃபீத் ஊருக்கே வந்துவிட்டான். ஆனாலும் அந்த வார்த்தை மிஸ்ரியாவின் காதைவிட்டுப் போகவில்லை. தென்காசியில் அவர்கள் தெருவில் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாக வந்து அப்படி மன்னிப்புக் கேட்பார்கள். படுக்கையில் கிடந்து, இனி எழும்ப மாட்டோம் என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். நல்லபடியாக வேலைக்குப் போய்வரும் ஒருவன், சுபுஹு தொழுகை நேரத்தில், காரணமே இல்லாமல் கேட்க மாட்டான்.

அவளும் தோண்டிக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

அடுத்த மாதம் அவன் இன்னொரு செய்தியும் சொன்னான். குடும்ப விசா கிடைத்துவிட்டது. அவளும் மகள் அஃப்ஷானும் அவனோடு தம்மாமுக்கு வரலாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் காத்திருந்த செய்தி அது. லீவு முடிந்து அவன் காரில் ஏறும்போதெல்லாம் "அடுத்த தடவ உன்னயும் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்வான். அவளும் தலையாட்டி வைப்பாள். இப்போது அது நிஜமாகவே நடக்கப் போகிறது.

மிஸ்ரியா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பயணம் சொல்லி விடைபெற்றாள். எல்லோரும் உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, நல்லபடியாகப் போய்வர துஆ செய்தார்கள். அடுத்த வீட்டு மெஹர் பானு மட்டும் வாயை மூடவில்லை.

"ஏட்டி, லீவுல வந்தா மாப்பிள்ள விருந்தாளி மாதிரி. அங்கன தெனமும் அந்த மூஞ்சிய பாக்கணும், தெரியும்லா? தாங்குவியா?"

"நீ தாங்கலயா?"

"நான் எங்க தாங்குதேன்? எங்க வீட்டுக்காரருதான் என் மூஞ்சியத் தாங்குதாரு, அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது!"

சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தாள். ஆனால் முஃபீத் வந்து இறங்கிப் பெட்டியைத் திறந்த அன்று அந்தச் சிரிப்பு போய்விட்டது. எப்போதும் பெட்டி முழுக்க பால் பவுடரும் கோடாலித் தைலமும் சென்டும் இருக்கும். இந்தத் தடவை அவனுடைய பழைய போர்வை, தலையணை, இஸ்திரிப் பெட்டி, அடிப்பக்கம் கருகிய ரைஸ் குக்கர்.

"ஏலே, வெளிநாட்டுச் சபுர்லேருந்து வாறவன் பெட்டியில சோறு பொங்குற சட்டியா?" என்று அவன் உம்மா ஹைருன் பீவி கையைத் தட்டிச் சிரித்தாள். "ரூமத் தூத்து அள்ளிட்டு வந்துட்டியா?"

"காலி பண்ணியாச்சும்மா. இவங்கள கூட்டிட்டுப் போயி அங்க புதுசா வீடு எடுக்கணும்லா."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தத் தலையணையை மிஸ்ரியா வெயிலில் காயப்போட எடுத்தாள். அதன் நடுவில் குழிந்திருந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். திரும்பிப் போகிறவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு வருவானா?

மறுநாளே அடுத்தது. புறப்படுவதற்கு முன்னால் ஒரு மனை வாங்கி வீட்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்றான். பத்திரம் மிஸ்ரியா பேரில்தான் இருக்க வேண்டும் என்றான்.

"நாமதான் தம்மாம் போறோமே. இங்கன இப்ப என்ன அவசரம்?"

"இருக்கட்டும்ட்டி. உனக்குன்னு ஒரு எடம் வேணும்லா."

உனக்குன்னு. நமக்குன்னு என்று அவன் சொல்லவில்லை. அவன் மெலிந்து போயிருந்ததும், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவதும், அஃப்ஷான் தூங்கும்போது அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பதும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டன. அவனுக்குப் பெரிய சீக்கு ஏதோ இருக்கிறது. டாக்டர் நாள் குறித்துவிட்டார். கடைசிக் காலத்தைப் பெண்டாட்டி பிள்ளையோடு கழிக்கத்தான் இந்த விசாவெல்லாம். இப்படித்தான் அவள் மனதுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தாள்.

தரகர் மாடன் மேலகரத்தில் ஒரு மனை காட்டக் கூட்டிப் போனார். மூன்று பக்கமும் தென்னந்தோப்பு. மலை பக்கத்தில் வந்து நிற்பதுபோல இருந்தது. சாரல் முகத்தில் தூவிக்கொண்டே இருந்தது.

"அண்ணாச்சி, இங்கன சன்னலத் திறந்தாப் போதும். கரண்டு பில்லே வராது. மதினி, நீங்க சொல்லுங்க, இந்தக் காத்து அரபு நாட்டுல கிடைக்குமா?"

முஃபீத் மலையைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தான்.

"இதுக்குள்ள ஆம்புலன்ஸ் வருமா?"

மாடன் விழித்தார். "லாரியே வரும், அண்ணாச்சி."

"பெரியாஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

"பஸ்ஸுல போனாலே வெரசாப் போயிரலாம்."

"பள்ளிவாசல், மையவாடி?"

"நல்லாருக்கே! எல்லாரும் வாசல் எந்தப் பக்கம், கெணறு எந்தப் பக்கம்னுதான் கேப்பாங்க. நீங்க என்னன்னா குடிவாறதுக்கு முன்னாலயே அடக்குற எடத்த..." என்று சிரிக்கத் தொடங்கிய மாடன், மிஸ்ரியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அந்தா, தெரு முக்குல பலசரக்குக் கடை இருக்கு, மதினி" என்று பேச்சை மாற்றினார்.

மிஸ்ரியா புர்காவின் நுனியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த இடத்தில் எழும்பப் போகும் வீட்டில் தானும் மகளும் மட்டும் இருப்பது அவள் கண்முன் வந்தது. அந்தத் தென்னைகளின் சத்தம் அப்போது இப்படிக் கேட்காது என்று தோன்றியது.

மாடன் போனதும் அஃப்ஷான் அருவிக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். பக்கத்தில்தானே என்று குற்றாலத்துக்கு ஆட்டோ பிடித்தார்கள். பேரருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது. கூட்டமும் பரவாயில்லை. வழியிலிருந்த சிப்ஸ் கடையில் செருப்பையும் பையையும் ஒப்படைத்தார்கள்.

"நான் குளிக்கல. இங்கனயே நிக்கேன். பிள்ளய கெட்டியாப் பிடிச்சிக்கோ. கையை விட்டுராத" என்று முஃபீத் சொன்னான். இரண்டடி வைத்ததும் திரும்பக் கூப்பிட்டு அதையே இன்னொரு தடவை சொன்னான்.

பெண்கள் பக்கம் தண்ணீருக்குள் நின்றதும் மிஸ்ரியாவுக்குக் கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துபோனது. அஃப்ஷான் வாயைத் திறந்து கத்துவது அவளுக்குக் கேட்கவே இல்லை, பல் மட்டும்தான் தெரிந்தது. திடீரென்று போலீஸ்காரர்கள் விசில் ஊதினார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பல விசில்கள். காலடியில் தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. செம்மண் கலங்கி, சருகும் சுள்ளியுமாக வந்தது. மேலே பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் பாயத் தொடங்கியது.

"ஏறுங்க, ஏறுங்க! வெளிய வாங்க!"

பெண்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு படிக்கு ஓடினார்கள். யாரோ மிஸ்ரியாவின் தோளில் முட்டினார்கள். மகளின் மணிக்கட்டை நசுங்கும்படி பிடித்துக்கொண்டு அவள் எப்படி மேலே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சிப்ஸ் கடை முன்னால் முஃபீத் இல்லை. செருப்பும் பையும் அப்படியே இருந்தன.

"இங்கன நின்னவங்க எங்க, அண்ணாச்சி?"

"விசில் ஊதுனதும் ஓடுனாரும்மா."

"எந்தப் பக்கம்?"

கடைக்காரர் கையை நீட்டினார். "அருவிப் பக்கந்தான்."

எல்லோரும் அருவியை விட்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவன் மட்டும் அருவியைப் பார்த்து ஓடியிருக்கிறான். பொருந்திக்கிடு என்று கேட்டு வாங்கியாகிவிட்டது. மனை பார்த்தாகிவிட்டது. பத்திரம் அவள் பேரில். இனி அவனுக்கு என்ன பாக்கி? அவன் பேரைச் சொல்லிக் கத்த வாயெடுத்தாள்.

"வாப்பா எங்க, உம்மா?" என்றாள் அஃப்ஷான்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் ஏட்டு வந்தார். சட்டையில் தங்கபுஷ்பம் என்று பெயர் இருந்தது. அவர் பிடியில், தலைமுதல் கால்வரை நனைந்து, மூக்குக்கண்ணாடியைத் தொலைத்து, முழங்கையில் சிராய்ப்போடு முஃபீத் நின்றான்.

"வாப்பா!" என்று அஃப்ஷான் பாய்ந்தாள்.

"யம்மா, இவரு ஒங்க வீட்டுக்காரரா? பொம்பளைங்க பக்கம் தடுப்பத் தாண்டிக் குதிச்சிட்டாரு. நான் லத்திய ஓங்கிட்டேன். என்ன சோலிவே இங்கனன்னு கேட்டா, எம்பிள்ள, எம்பொண்டாட்டிங்காரு, அழுதாரு. அடிக்கவா முடியும்?" அவர் முஃபீத்தின் கையை மிஸ்ரியாவிடம் ஒப்படைப்பதுபோல விட்டார். "சூடா டீ வாங்கிக் குடுங்க. பெறவு வீட்டுல வச்சு நீங்க அடிச்சிக்கிடுங்க."

கார்கள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டைச் சுவரில் உட்கார்ந்தார்கள். அஃப்ஷான் சிப்ஸ் பொட்டலத்தோடு குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முஃபீத்தின் பற்கள் குளிரில் தந்தியடித்தன. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"என்ன சீக்கு, மச்சான்?"

"யாருக்கு?"

"மறைக்காதீங்க. எனக்கு எல்லாம் தெரியும். பொருந்திக்கிடுன்னு கேட்டீங்க. தலகாணியத் தூக்கிட்டு வந்துட்டீங்க. ஆம்புலன்ஸ் வருமான்னு கேக்கீங்க. டாக்டர் என்ன சொன்னாரு? இப்பவே சொல்லிருங்க, என்னால முடியல."

அவன் அவளையே பார்த்தான். பிறகு மெதுவாக இல்லையென்று தலையை அசைத்தான்.

"எனக்கு ஒரு சீக்கும் இல்லட்டி. சத்தியமா இல்ல."

"பெறவு?"

"தம்மாம் ரூமுல, பக்கத்துக் கட்டில்ல துல்கர்னைன்னு ஒருத்தரு. சுரண்டைக்காரரு. எனக்கு மூத்தவரு. நல்லாப் பேசிச் சிரிச்சிட்டுத்தான் படுத்தாரு. சுபுஹுக்கு எழுப்புனேன். எழும்பல. கையத் தொட்டேன், சில்லுனு இருந்துச்சு." அவன் டீயைக் கீழே வைத்தான். "அவரு பொண்டாட்டிக்கு யாரு போன் போடன்னு எல்லாரும் என்னையப் பாத்தாங்க. அதுக்கு முன்னால ஒங்கொரலக் கேக்கணும்போல இருந்துச்சு. அவரு யாருட்டயும் கேக்காமப் போயிட்டாரு. நான் கேட்டு வச்சிக்கிடுவோம்னு கேட்டேன்."

மிஸ்ரியாவுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் கோபம் வந்தது.

"அத அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ பயந்துருவன்னுதான்."

"இல்லன்னா மட்டும் சிரிச்சிக்கிட்டா இருந்தேன்? தெனமும் ஒங்கள மனசுக்குள்ள அடக்கம் பண்ணிட்டுல்லா எழும்புதேன்!"

அவன் அவள் கையைப் பிடித்தான். விரல்கள் இன்னும் குளிர்ந்திருந்தன. அவள் அவற்றைத் தன் புர்காவுக்குள் இழுத்து வைத்துத் தேய்த்தாள்.

"அவர அங்கனயே அடக்கிட்டோம், மிஸ்ரி. அவரு பொண்டாட்டி வீடியோவுலதான் பாத்துது."

"சரி விடுங்க. இனி நாம மூணு பேரும் ஒண்ணாத்தான இருக்கப் போறோம். அங்கன நான் இருப்பேன்."

"அப்படி நெனச்சுத்தான் விசாவுக்குப் போட்டேன். கெடச்ச பெறவு இன்னும் பயம் கூடிப்போச்சு. எனக்கு ஒண்ணு ஆனா, பாஷ தெரியாத ஊர்ல நீ பிள்ளயக் கையில பிடிச்சிக்கிட்டு நிப்ப. இப்ப நின்னியே, அது மாதிரி."

மிஸ்ரியா மகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். அருவிப் பக்கமிருந்து இன்னும் விசில் கேட்டது.

"ஒவ்வொரு தடவையும் திருவனந்தபுரத்துக்குக் கார்ல ஏறும்போது ஒண்ணு கேக்கணும்னு நெனப்பேன். வாசல்ல உம்மா நிப்பாங்க, தெருவே நிக்கும். ஆம்பிள இத எப்படிக் கேக்கன்னு கதவச் சாத்திருவேன்."

அவன் என்ன கேட்கப் போகிறான் என்று மிஸ்ரியாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. பயணம் சொன்ன வீடுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பள்ளிக்கூடத்தில் டீசி வாங்கியாகிவிட்டது. மெஹர் பானு என்ன சொல்வாள், அவள் உம்மா என்ன சொல்வாள், இத்தனை வருஷம் தான் ஆசைப்பட்ட ஊர் என்னவாகும். நேரமாச்சு, எழும்புங்க என்று சொன்னால் அவன் எழுந்துவிடுவான். இன்னொரு தடவை விழுங்கிக்கொண்டு விமானம் ஏறுவான். தானும் அவனோடு ஏறலாம்.

அவன் முகத்தைப் பார்த்தாள். தடுப்பைத் தாண்டிக் குதித்தவன், இப்போது அவள் பதிலுக்கு இப்படிப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

"கேளுங்க மச்சான்" என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்னத் திரும்பிப் போகச் சொல்லாத, மிஸ்ரி. நீங்களும் வரவேண்டாம். நாம இங்கனயே இருந்துக்கிடுவோமா?"